உங்க ஊர்ல சார்மினார் எவ்வளவு?

எலவனாசூர்கோட்டையில் எங்கள் தெருப் பையன்களுக்குத் தனியாக ஒரு நாணயம் இருந்தது. காலி சிகரெட் பெட்டியின் முகப்பைக் கிழித்தெடுத்தால் அதுதான் ரூபாய் நோட்டு. சார்மினார் 5, சிசர்ஸ் 25, கோல்டு ஃப்ளேக் 100. வட்டம் போட்டு, நடுவில் அட்டைகளை அடுக்கி, சில்லை எறிவோம். வட்டத்தைத் தாண்டி விழுந்த அட்டை எறிந்தவனுக்கு. உளுந்தூர்பேட்டை–சேலம் ரோட்டில் போகும் வண்டிகளிலிருந்து எப்போதாவது யாருமே பார்க்காத பெட்டி ஒன்று வந்து விழும். அதற்கு என்ன விலை என்று சண்டை நடக்கும். சண்டை முடிஞ்சாதான் விலை.

அந்த சிசர்ஸுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொதியில் வந்தன. நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். அதில் படம் அச்சடித்தார்கள். பிரிஸ்டலின் வில்ஸ் கம்பெனி 1896இல் 50 கிரிக்கெட் வீரர்களை வெளியிட்டது. 1907இல் தன் சிசர்ஸ் பொதிகளில் கால்பந்து கிளப்புகளின் நிறங்களைப் போட்டது. பட்டாளப் பிரிவுகள், குதிரைப் பந்தயம், இந்திய கவர்னர் ஜெனரல்கள் என்று அதே சிசர்ஸில் வந்த மற்ற வரிசைகளைப் பார்த்தால், இங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை மனதில் வைத்துப் போட்டது புரியும்.

ஒரு வரிசை என்றால் பெரும்பாலும் 25 அல்லது 50. அதைக் கம்பெனி முடிவு செய்தது. கையில் 38 இருந்தாலும் மனசு இல்லாத 12ஐத்தான் எண்ணும். அந்தக் குறைதான் அடுத்த பொதியை வாங்க வைத்தது. 1961இல் இத்தாலியின் மொதேனாவில் பனினி தொடங்கிய கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பமும் இதே கணக்குதான்: காலிக்கட்டம்தான் வியாபாரம்.

காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் பிரிட்டனில் சிகரெட் அட்டைகள் நின்றன. ஆனால் அழியவில்லை. எட்வர்ட் வார்ட்டன்-டைகர் சேர்த்த லட்சக்கணக்கான அட்டைகள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

எங்களுடையது அடுப்புக்குப் போனது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது குப்பையிலிருந்து வந்த அட்டைதானே. தொலைந்துபோனது விலைப்பட்டியல். அதை எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தரவில்லை. எது அரிது, எது மலிவு என்று பத்து வயசுப் பையன்கள் தெருவில் கத்திக் கத்தி முடிவு செய்தார்கள். லீவுக்குத் திருக்கோவிலூரிலிருந்து வந்த மாமா பையனின் விலை எங்களிடம் செல்லாது. "இது எங்க ஊரு" என்று சொல்லிவிடுவோம்.

வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்வார்கள். ஊர் பெயரோடு அதை எழுதி வையுங்கள்.