சங்கடப்படலையில் படுக்கும் நாய்

எங்கட வீட்டில் வந்து தங்குகிறவர்கள் முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்ட். இரண்டாவது, "நாய் கடிக்குமா?"

வலிகாமத்தில் இருக்கிற ஒரு நாற்சார் வீடு இது. அம்மம்மாவின் தகப்பனார் மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்து அனுப்பின காசில் கட்டினது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே உத்தியோகத்துக்குப் போனவர்களின் காசில் யாழ்ப்பாணத்தில் இப்படிக் கன வீடுகள் எழும்பின. நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள். மழை பெய்தால் ஓட்டுத் தண்ணி பீலியால் முற்றத்துக்குள் கொட்டும். தெருவோரம் சங்கடப்படலை: கூரை போட்ட வாசல், இரண்டு பக்கமும் திண்ணை. வெயிலில் நடந்து வாற ஆர் எண்டாலும் கேட்காமல் இருந்து, பானையில் தண்ணி குடித்துப் போகலாம்.

ஆர் எண்டாலும் என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. சாதி பார்த்த ஊர் இது. சிலருக்குத் தண்ணி சிரட்டையில்தான். நாய் படுத்த இடத்தில் இருக்க முடியாத மனிசர் இருந்தவை. வருகிறவர்களுக்குத் தூணையும் கதவையும் காட்டுகிற நாங்கள் இதைச் சொல்வதில்லை.

மிருகங்களுக்கும் இடம் பிரித்திருந்தது. மாட்டுக்குப் பின்வளவுக் கொட்டில், பூனைக்குக் குசினி, நாய்க்குப் படலை. நாய் விறாந்தையில் ஏறக்கூடாது என்பது அம்மம்மாவின் சட்டம். அந்தச் சட்டம் 1995இல் உடைந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் வலிகாமத்தில் சண்டை தொடங்க, இடம்பெயர்ந்த மூன்று குடும்பங்கள் வீட்டுக்குள் வந்தன. நெல் அறையிலும் ஆட்கள் படுத்தார்கள். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை, சாதி கேட்க நேரமும் இருக்கவில்லை. செல் விழுகிற இரவுகளில் ஜிம்மி நேராகச் சாமியறைக்குள் ஓடி வந்து படுக்குமாம். அம்மம்மா பார்த்தும் பாராத மாதிரி இருந்தாவாம்.

ஒக்டோபர் 30. வலிகாமமே வெளிக்கிட்டது. அம்மாவுக்கு அப்போது 17 வயது. ஜிம்மியின் சங்கிலியைக் கழற்றி, மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தடியில் சனநெரிசல். கொஞ்சத் தூரம் பின்னால் வந்த ஜிம்மியை அதற்குப் பிறகு காணவில்லை. 1996இல் திரும்பி வந்தபோது கதவுகளும் பாதி ஓடுகளும் இல்லை. நெல் அறையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. இப்போதுள்ள பூனைகள் அதன் வம்சம் என்கிறா அம்மா. நான் நம்பவில்லை. ஆனால் வருகிறவர்களுக்குச் சொல்ல நல்ல கதை.

2006இல் ஏ9 பாதை மூடப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்க, அம்மா மூன்று அறைகளைத் திருத்தினா. நெல் அறை இப்போது பாத்ரூம். சனம் படுத்த இடத்தில் ஷவர் இருப்பது எனக்கு இன்னும் ஒருமாதிரித்தான் இருக்கு. ஆனால் ஓடு மாற்றுகிற காசு அந்த ஷவரால்தான் வருகிறது.

இரண்டு நாய்கள், மூன்று பூனைகள். நாய்களுக்கு வருசா வருசம் விசர்நாய்த் தடுப்பூசி. அட்டையை மேசையிலேயே வைத்திருக்கிறோம். இரவில் பூனை ஓட்டில் நடக்கும் சத்தத்துக்குக் கள்ளன் எண்டு எழும்பினவர்களும் உண்டு. வெள்ளைக்காரர் நாயைக் கட்டிலில் ஏற்றுவார்கள். எங்கட ஆட்கள்தான் முகம் சுளிப்பது. போன வருசம் ஒருவர், சாப்பாட்டு விறாந்தையில் நாய் படுத்திருந்தது என்று இணையத்தில் எழுதி ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார். பக்கத்தில் நாய் படுத்திருக்க இடியப்பம் சாப்பிட எல்லாருக்கும் மனம் வராது. அவரிலும் நியாயம் இருக்கு.

கனடா மாமா உடனே கோல் எடுத்தார். "நாயளை ஆருக்கும் குடுத்திடு. இல்லாட்டி பின்னுக்குக் கட்டிவை."

"கட்டிறேல்லை அண்ணா," என்றா அம்மா. "நீங்கள் அண்டைக்கு இஞ்ச இருக்கேல்லை."

மாமா 1989இலேயே போய்விட்டார். கொஞ்சநேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.

பிறகு ஒரு ஒழுங்குக்கு வந்தோம். சாப்பாட்டு நேரம் நாய்கள் முற்றத்துக்கு அங்கால். விளம்பரத்தின் முதல் வரியிலேயே இப்படிப் போட்டாச்சு: இந்த வீட்டில் நாய்களும் பூனைகளும் இருக்கின்றன, கட்டிவைப்பதில்லை.

பதிவுகள் கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு. டிசம்பரில் மாமா குடும்பத்தோடு வருகிறார். எந்த அறை எண்டு அம்மா இன்னும் சொல்லவில்லை.