தீர்த்த நீரும் ஒளியின் சாட்சியும்

முன்னேஸ்வரப் பெருமானின் தீர்த்தத் திருநாளில் தெதுறு ஓயாவில் தலைமுழுகும் நாம், அந்நீர் தூயதோ எனக் கண்ணால் மட்டும் அறிதல் இயலாது. கண்டல் இலை ஊறிய கழிமுகநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்திருக்கும், அது அழுக்கன்று. மலக்கழிவு கலந்த நீரோ சிலவேளை தெளிந்தே தோன்றும்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வித்தையின் வரலாறு கொயினாவுடன் தொடர்புடையது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது, வரட்சியால் குட்டைகளாய்த் தேங்கிய இதே ஆற்றங்கரையில் நம் பாட்டன்மார் விழுங்கிய கசப்பு மருந்துதான்! அதன் கரைசலை 1852இல் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஸ்டோக்ஸ் ஆராய்ந்தார். அரியம் பிரித்த சூரிய நிறமாலையில், ஊதாவுக்கும் அப்பால், இருளெனத் தோன்றும் இடத்தில் அதை வைத்தார். கரைசல் நீலமாய் ஒளிர்ந்தது. காணாக் கதிரை உண்டு காணும் ஒளியை உமிழும் இவ்வியல்பே புளோரொளிர்வு.

நீரின் மாசை அளக்க வேறொரு முறையும் உண்டு. பிரித்தானிய அரச ஆணைக்குழு 1912இல் வகுத்த அம்முறையில், நீரை ஐந்து நாள் வைத்து, கிருமிகள் உண்ணும் ஒட்சிசனை அளப்பர். நல்ல முறைதான், ஆனால் விடை வருமுன் திருவிழாவே முடிந்துவிடும். ஒளியோ சில நிமிடங்களிற் பேசும். 280 நனோமீற்றர் அலைநீளக் கதிரை நீரிற் பாய்ச்சினால், கழிவிலுள்ள புரதப்பொருள் 350 அளவில் ஒளிரும். இலைச்சாறு 400க்கு மேல் ஒளிரும். ஆன்டி பேக்கர் முதலானோர் 2000ஆம் ஆண்டையடுத்து இங்கிலாந்தின் ஆறுகளில் இம்முறையை விளங்கச் செய்தனர்.

தெதுறு ஓயாவுக்கு வடக்கே, உடப்பை அண்டிச் செல்லும் ஒல்லாந்தர் கால்வாயின் கதை நாமறிந்ததே. 1980களிற் பெருகிய இறால் பண்ணைகள் அதிலிருந்தே நீரெடுத்து, அதிலேயே கழிவையும் விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளைச் சூறையாடிற்று. அந்நோய்க்கு வைரசே காரணம். ஒளிக்கருவி வைரசைக் காட்டாது. ஆனால், ஒருவர் விட்ட கழிவு அடுத்தவர் குளத்துட் புகுவதை அது காட்டியிருக்கும் என்பது நம் துணிபு.

நமது இளைஞர்கள் கல்லூரி ஆசிரியர் துணையுடன், தீர்த்தத்துக்கு முந்திய வாரத்தில் மூன்று இடங்களிலேனும் நீரெடுத்துச் சோதிப்பிக்கலாம்: சிலாப நகருக்கு மேலே, தீர்த்தத் துறையில், கழிமுகத்தில். கழிமுக நீருக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். கண்டற் சாயம் மிகுந்தால் அது ஒளியை விழுங்கி, கழிவைக் குறைத்துக் காட்டும். ஆகவே அந்நீரை வடித்து, காய்ச்சி வடித்த தூய நீர் கலந்து ஐதாக்கிய பின்னரே அளத்தல் முறை.