பஞ்சம் தந்த பயிற்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை; ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணக்கற்பாறையின்மேல் விரிந்த சமதரை அது. துவிச்சக்கரவண்டிக்கென்றே அமைந்த நிலம் எனலாம். வடமராட்சியின் நெல்லியடிச் சந்தி இதற்கு நல்ல சான்று. யாழ்ப்பாணம், பருத்தித்துறை, கொடிகாமம் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் வீதிகள் கூடும் அவ்விடத்துக்கு, மரக்கறி கொண்டுவரும் தோட்டக்காரரும், ஆசிரியரும், எழுதுவினைஞரும், மாணவரும் நெடுங்காலம் மிதித்தே வந்து சென்றனர். அதனை உடற்பயிற்சி என்று எவரும் சொல்லவில்லை. அன்றாட அலுவலுக்குள்ளே பயிற்சி அடங்கிக் கிடந்தது.

இவ்வண்டியின் பிறப்பையே ஒரு பற்றாக்குறையோடு தொடர்புபடுத்துவோர் உளர். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவிலே கோடை என்பதே இல்லாது போயிற்று. விளைச்சல் குன்றியது, குதிரைக்குத் தீனி அரிதாயிற்று. மறு ஆண்டு, ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் ட்ரைஸ் என்பவர், காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி, சங்கிலியால் இயங்கும் வண்டியை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த ரயரை அமைத்தார். குதிரை வாங்க இயலாத எளியவனுக்கும் அதன்பின் ஒரு வாகனம் கிட்டியது.

அவ்வாகனம் குடாநாட்டு மக்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 1990ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தென்னிலங்கையிலிருந்து பெற்றோல் வருவது நின்றது, மின்சாரமும் நின்றது, மின்கலங்களுக்கும் தடை வந்தது. எஞ்சிய சில கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ஏனைய பாரமெல்லாம் துவிச்சக்கரவண்டியின்மேல் ஏறிற்று. விறகுக்கட்டும் நெல்மூட்டையும் அதிலே சென்றன. நோயாளியும் அதிலேயே வைத்தியசாலைக்குச் சென்றார். இரவிலே அதற்கு வேறொரு பணியும் இருந்தது. பின்சக்கரத்தை நிலத்தினின்று உயர்த்தி நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்றுவார். ரயரோடு உராயும் டைனமோவிலிருந்து மின்சாரம் பிறக்கும். வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து வானொலிச் செய்தி கேட்பர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, பலர் தம் குடும்பத்தின் உடைமை முழுவதையும் இவ்வண்டியிலேயே கட்டி உருட்டிச் சென்றனர்.

2009இல் போர் முடிந்தது. வீதிகள் செப்பமாயின, எரிபொருள் தாராளமாய் வந்தது, தவணைமுறையில் மோட்டார் சைக்கிளும் கைக்கெட்டியது. துவிச்சக்கரவண்டி வீட்டுச் சுவரிற் சாய்ந்தது. அதில் வியப்பில்லை. அது துன்பகாலத்தின் நினைவாகவும் இருந்ததன்றோ? ஆயினும், வண்டியோடு சேர்ந்து அன்றாடப் பயிற்சியும் சுவரிற் சாய்ந்ததைப் பலர் உணரவில்லை.

அதன் விலை என்ன என்பதற்கு இலண்டனில் நிகழ்ந்த ஆய்வொன்று விடை தருகிறது. 1953இல் ஜெரெமி மொரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் பஸ் ஊழியரை ஆராய்ந்தனர். இருந்தபடியே ஓட்டும் சாரதியரைவிட, மாடிப்படி ஏறியிறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநரிடையே மாரடைப்புக் குறைவாக இருந்தது. நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் கடிதம் கொண்டுசென்ற தபாற்காரரும், மேசையடியில் அமர்ந்த எழுதுவினைஞரைவிட நலமுற்றிருந்தனர். இவர்களுள் எவரும் பயிற்சி செய்வதற்கென்று புறப்பட்டவரல்லர், தொழிலே பயிற்சியாயிற்று.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, பெற்றோல் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. மூலையிற் கிடந்த வண்டிகள் துருத்துடைக்கப்பட்டு மீண்டும் வீதிக்கு வந்தன. பெற்றோல் திரும்பியதும் அவற்றுட் பல மீண்டும் மூலையையே நாடின. பஞ்சம் தந்த பயிற்சி பஞ்சத்தோடு போய்விடுகிறது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

1990இல் 25 வயதினராய் வல்லைவெளியின் எதிர்காற்றிலே மிதித்தவர்கள் இன்று 60ஐத் தாண்டியுள்ளனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் தேடிவரும் வயது அது. வளர்ந்தோர்க்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக ஐந்து நாட்கள் மிதித்தால் அக்கணக்கு நிறைவுறும். இருதய நோயுடையோர் வைத்தியரைக் கேட்டே தொடங்கல் நன்று. நெடுங்காலம் விட்டவர் பத்து நிமிடத்தோடு தொடங்கலாம். பயிற்சிக்கெனத் தனிப்பொழுது தேடுவோர் சில நாளிற் சலிப்பர். சந்தைக்கும், நூல்நிலையத்துக்கும், கோயிலுக்கும் செல்லும் வேலையோடு வண்டியைப் பிணைத்தவர்க்கோ, வேலை உள்ளவரை பழக்கமும் நிற்கும்.

அன்று வேறு வழியின்றி மிதித்தனர். இன்று வழி பல இருக்கவும் மிதிப்பதே கடினம். முன்னையது காலம் இட்ட கட்டளை. பின்னையது மனிதன் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கட்டளை. நெல்லியடிச் சந்தியில் விடிகாலையிலே கடகத்தைக் கரியரில் வைத்து மிதித்துவரும் முதியவர் எவரேனும் இருப்பின், அவர் வறுமையால் வருகிறார் என்று எண்ணுதல் வேண்டா. பஞ்சம் போனபின்னும் பயிற்சியைப் போகவிடாதவராக அவர் இருக்கலாம்.