உருக்காலை ஊர்களில் முளைத்த காப்பீடு

1980களில் பிட்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் உருக்காலைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டி வருவது. வேலை போன கையோடு பிள்ளைகளின் காப்பீடும் போயிற்று. ஏழைகளுக்கென 1965இல் வந்த மெடிகெய்டு திட்டத்தில் சேரவும், கொஞ்சம் வருமானமும் கையிருப்பும் இருந்த பல குடும்பங்களுக்கு வழியில்லை. பிள்ளைக்குக் காதுவலி என்றால், டாக்டர் பீஸை நினைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டிய நிலை. சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறிய பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினால், பில் பல மடங்கு.

1985இல் அங்குள்ள தேவாலயத்தாரும் ப்ளூ கிராஸ் காப்பீட்டு நிறுவனமும் கைகோத்தார்கள். ஊராரிடம் நன்கொடை திரட்டி, அந்தப் பிள்ளைகளுக்குக் காப்பீடு எடுத்துக்கொடுத்தார்கள். ஊர் கூடிச் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்து, 1992இல் ஆளுநர் ராபர்ட் கேசி காலத்தில், பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா அதை மாநிலச் சட்டமாகவே ஆக்கியது.

வாஷிங்டனில் கதை வேறு. எல்லோருக்கும் காப்பீடு என்ற அதிபர் கிளின்டனின் பெருந்திட்டம் 1994இல் படுத்துவிட்டது. நாடெங்கும் ஏறக்குறைய ஒரு கோடிப் பிள்ளைகள் காப்பீடின்றி இருந்தார்கள். 1996இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் வரியை ஏற்றி, அதைப் பிள்ளைகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கியது. ஆளுநர் மறுத்தும் சட்டமன்றம் அதை நிறைவேற்றிக் காட்டியது. அந்த மாநிலத்து செனட்டர் டெட் கென்னடி அதையே நாடு முழுமைக்கும் கொண்டுவர முனைந்தார்.

துணைக்கு வந்தவர் யூட்டா மாநில செனட்டர் ஆரின் ஹேட்ச். எதிர்க்கட்சிக்காரர், பழமைவாதி, புகையிலையைத் தொடாத மார்மன் சமயத்தவர். அவர் சந்தித்த, பிரோவோ ஊரைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களில் பெற்றோர் உழைத்துச் சம்பாதித்தும் பிள்ளைகளுக்குக் காப்பீடு வாங்க முடியவில்லை. அதுதான் தன் மனத்தை மாற்றியது என்று அவர் சொன்னார். சொந்தக் கட்சியின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு நின்ற அவரை நான் மனமார மதிக்கிறேன்.

இருவரும் கேட்டது சிகரெட் பாக்கெட்டுக்கு 43 சென்ட் வரி. 1997 மே மாதம் செனட்டில் தோற்றார்கள். எதிர்க்கட்சியோடு எட்டிய பட்ஜெட் உடன்பாடு குலைந்துவிடும் என்று கிளின்டனே அப்போது கைகொடுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் விடவில்லை. கடைசியில் 15 சென்ட் கிடைத்தது. பத்தாண்டுகளுக்குச் சுமார் 4,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆகஸ்ட் 5 அன்று கிளின்டன் கையெழுத்திட, ‘சிப்’ எனப்படும் சிறார் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. மெடிகெய்டு வரம்புக்குச் சற்று மேலே இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது கதவு திறந்தது.

பிறவியிலேயே ஒரு குறையும் இருந்தது. மெடிகெய்டைப் போல நிரந்தர நிதி கிடையாது. கெடு முடியும்போதெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுபடி பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளையின் ஆஸ்துமா கெடு பார்த்தா வரும்? 2017 செப்டம்பர் 30இல் கெடு முடிந்தும் பணம் வரவில்லை. கொலராடோவும் வர்ஜீனியாவும், உங்கள் பிள்ளையின் காப்பீடு நின்றுபோகலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பின. 2018 ஜனவரி 22 அன்றுதான் நிதி நீட்டிப்புச் சட்டமானது.