எம்.ஓ.டி.யும் நம் ஊர் எஃப்.சி.யும்: ஒரு சிறு வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளோடு பேசினால், வருடத்துக்கு ஒருமுறையாவது "காரை எம்.ஓ.டி.க்கு விட்டிருக்கேன் சார்" என்று சொல்வார்கள். இங்கே டாக்ஸியோ வேனோ வைத்துப் பிழைக்கும் பிள்ளைகள் "வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கு சார்" என்பார்கள். இரண்டும் ஒரே வேலைதான். சாலையில் ஓடுவதற்கு இந்த வண்டி தகுதியானதா என்று பார்த்துச் சான்று தருவது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வீட்டுக் காரும் வருடா வருடம் சோதனைக்குப் போக வேண்டும். இங்கே வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகள் மட்டும்தான் போக வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பதினைந்து வருடம் யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

சிவப்புக் கொடியிலிருந்து

1865-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். சாலையில் நீராவி வண்டி வந்தால், அதற்கு 60 கெஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் வேகம். சிரிப்பு வருகிறதா? புதிய பொருளைக் கண்டு பயந்த சமூகம் அப்படித்தான் சட்டம் போடும். முன்னால் ஆள் நடக்க வேண்டும் என்ற விதி 1896-ல்தான் முழுதாக நீங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் மோட்டார் கார் மோதி இறந்தார். அந்த நாட்டில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

1903-ல் காருக்கு எண் பலகையும் ஓட்டுநருக்கு லைசென்ஸும் வந்தன. ஆனால் லைசென்ஸுக்குக் காசு கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை! 1930-ன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1934-ல் மட்டும் பிரிட்டனில் 7,343 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். அதன் பிறகே, 1935 ஜூன் 1 முதல், புதிதாக ஓட்ட வருபவர்களுக்குத் தேர்வு கட்டாயமானது. அப்போதைய அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. நடைபாதைக் கடப்பிடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் மேல் மஞ்சள் உருண்டை விளக்கு இருக்குமே, அதை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் எண், பிறகு காப்பீடு, பிறகு ஓட்டுநர் தேர்வு. மனிதனைச் சோதிக்கும் வரை சட்டம் வந்துவிட்டது. இயந்திரத்தைச் சோதிக்க மட்டும் வரவில்லை.

முழுக்க வரவில்லை என்றும் சொல்ல முடியாது. காசு வாங்கிக்கொண்டு மக்களை ஏற்றும் பேருந்துகளுக்கு அந்த 1930 சட்டத்திலேயே தகுதிச் சான்று வைத்திருந்தார்கள். பொது வண்டி என்றால் அரசு பார்க்கும், சொந்த வண்டி என்றால் சொந்தக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் போட்ட கோடு. இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை பிறகு இங்கேதான் வந்து நிற்கும்.

போருக்குப் பின் கிழட்டுக் கார்கள்

இரண்டாம் உலகப் போரின்போது தனியாருக்குக் கார் செய்வதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலைகளைப் போர்த் தளவாடங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். போர் முடிந்ததும் நாடு கடனில் மூழ்கிக் கிடந்தது. புதிதாகச் செய்த கார்களில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி தேடினார்கள். பெட்ரோல் ரேஷன் 1950 மே வரை நீடித்தது. சொந்த நாட்டு மக்களுக்குப் புதுக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் 1930-களில் வாங்கிய கார்களையே ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். துருப்பிடித்த அடிச்சட்டம், தளர்ந்த ஸ்டீயரிங், பிடிக்காத பிரேக்.

இந்த நிலையில்தான் 1956-ம் ஆண்டுச் சட்டம், சொந்தக் கார்களையும் சோதிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. நடைமுறைக்கு வர இன்னும் நான்கு வருடம் ஆனது. அதற்குள் இன்னொன்றும் நடந்தது. 1959 நவம்பர் 2-ம் தேதி எம்-1 என்ற அதிவேக நெடுஞ்சாலையை எர்னஸ்ட் மார்பிள்ஸ் என்ற போக்குவரத்து அமைச்சர் திறந்து வைத்தார். அன்று அதில் வேக வரம்பே கிடையாது. பழைய கார்களையும் அதில் கொண்டுபோய் விரட்டினார்கள். பாதி வழியில் நின்றுபோன வண்டிகள் ஏராளம்.

1960 செப்டம்பர் 12-ம் தேதி சோதனை தொடங்கியது. பத்து வருடமும் அதற்கு மேலும் ஆன வண்டிகளுக்கு மட்டும். பார்த்தவை மூன்றே விஷயங்கள்: பிரேக், விளக்கு, ஸ்டீயரிங். மக்கள் அதைப் "பத்து வருடச் சோதனை" என்று அழைத்தார்கள். முதல் சில மாதங்கள் விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றுதான் விட்டிருந்தார்கள். தேறாமல் போன வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரசே திடுக்கிட்டது. 1961 முடிவதற்குள் பத்து வருடம் என்பது ஏழாகக் குறைந்தது. 1967-ல் மூன்று ஆனது. இன்றுவரை மூன்றுதான். இப்போதைய கார்கள் நன்றாக இருக்கின்றனவே, நான்காக்கலாமா என்று யோசித்துப் பார்த்தார்கள். 2018 ஜனவரியில் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

சோதனைப் பட்டியலும் வளர்ந்தது. 1968-ல் டயர். 1977-ல் வைப்பர், இண்டிகேட்டர், ஹாரன், அடிச்சட்டத்தின் நிலை. 1991-ல் பெட்ரோல் வண்டிப் புகை. 2005 வாக்கில் எல்லாம் கணினிக்கு மாறியது. 2018 மே முதல் குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்து எழுதுகிறார்கள்.

எம்.ஓ.டி. என்பது போக்குவரத்து அமைச்சகம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 1970-ல் அந்த அமைச்சகத்தையே வேறு துறையோடு இணைத்துவிட்டார்கள். அமைச்சகம் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் ஒரு சோதனையின் பெயராக மக்கள் வாயில் தங்கிவிட்டது.

அங்கே நடப்பது எப்படி?

அரசு அங்கீகரித்த தனியார் ஒர்க்‌ஷாப்புகளில்தான் சோதனை நடக்கிறது. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, அதற்கு மேல் வாங்கக் கூடாது. வட அயர்லாந்தில் மட்டும் அரசு நிலையங்களிலேயே நடக்கும், அங்கே நான்காவது வருடத்திலிருந்து. சோதிப்பவரே பழுதும் பார்ப்பவர் என்றால், இல்லாத குறையைச் சொல்லிக் காசு பிடுங்க மாட்டாரா? நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் மேல்முறையீட்டு வழியும் வைத்திருக்கிறார்கள். வண்டி எண்ணைப் போட்டால் அதன் பழைய சோதனை முடிவுகளையும் ஓடிய மைல்களையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கார் வாங்க நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை இந்தச் சோதனை பார்ப்பதில்லை. எம்.ஓ.டி. தேறிவிட்டது என்பதால் வண்டி முழுக்க நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே போனாலும் பழைய தேதி கெடாது. மறந்துவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

ஜெர்மனியில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இரண்டு வரி. உங்கள் ஊரில் சோதனை செய்யும் டியூஃப் அமைப்பின் வேர் காரிலேயே இல்லை. 1865-ல் மன்ஹைம் நகரத்து மதுவடிப்பாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே தொழிலதிபர்கள் ஒன்றுகூடிக் கொதிகலன்களைச் சோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். கொதிகலனைப் பார்த்த அந்த மரபுதான் பிற்பாடு காரையும் பார்க்க வந்தது.

நம் நாட்டுக்கு வந்த கோடு

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. அதாவது சொந்தக் காரை அரசு தொடக் கூடாது என்று பிரிட்டனே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில். அந்தச் சட்டத்தின் 38-வது பிரிவு தகுதிச் சான்று பற்றியது. போக்குவரத்து வாகனங்களுக்கு மட்டும். பிறகு அவர்கள் போய்விட்டார்கள். போன இடத்தில் 1960-ல் அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள். நாம் அழிக்கவில்லை. 1988-ல் புதுச் சட்டம் போட்டபோதும் 56-வது பிரிவு அதே கோட்டின் மேல்தான் நின்றது. சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் பழைய வாகன அழிப்புக் கொள்கையும், தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளும் வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் முதல் பதினைந்து வருடம் அப்படியேதான் இருக்கிறது.

"புகைச் சான்று எடுத்திருக்கேனே சார்" என்று சிலர் சொல்வீர்கள். அது புகையை மட்டும் பார்க்கும். பிரேக்கைப் பார்க்காது.

சான்றிருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் நடந்ததை ஆசிரியர்களாகிய எங்களால் மறக்கவே முடியாது. ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று கீழே விழுந்து இறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. இன்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறிப் பார்ப்பதைப் பத்திரிகைகளில் படம் போடுகிறார்களே, அதன் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறது. சாலைப் பாதுகாப்பு விதிகள் பலவற்றின் பின்னாலும் இப்படி ஒரு உயிர் இருக்கும்.

பிரிட்டனில் இப்போது வருடத்துக்குச் சுமார் 1,600 பேர் சாலையில் இறக்கிறார்கள். 1934-ல் இருந்ததைவிட வண்டிகள் பல மடங்கு. சாவு நாலில் ஒரு பங்குக்கும் கீழே. இதற்கு எம்.ஓ.டி. மட்டும் காரணம் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. 1967-ல் வந்த குடிபோதைச் சோதனை, 1983-ல் கட்டாயமான சீட் பெல்ட், நல்ல சாலைகள், நல்ல மருத்துவம் எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் அந்தக் கூட்டுக் கணக்கில் இதுவும் ஒரு பங்கு.

சட்டம் கேட்காததை நீங்கள் கேளுங்கள்

உங்களில் பலரிடம் எட்டு, பத்து வருடக் கார்கள் இருப்பது எனக்குத் தெரியும். பொங்கலுக்கு அதில்தான் பிள்ளைகளையும் வயதான அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருகிறீர்கள். ஆகவே வருடத்தில் ஒரு நாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின வாரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு, 1960-ல் பார்த்த அந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: பிரேக், விளக்கு, ஸ்டீயரிங். கூடவே டயர். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அங்கும் சட்டம், இங்கும் சட்டம். டயர்ப் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து ரப்பர் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். தேயாவிட்டாலும் டயருக்கு வயது உண்டு.

டாக்ஸிக்காரப் பிள்ளைகளே, எஃப்.சி. அன்று மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து பழையதை மாட்டும் வேலை வேண்டாம். அதிகாரியை ஏமாற்றிவிடலாம். மழையில் நனைந்த சாலை ஏமாறாது.

படித்து முடித்தவர்கள், உங்கள் காரின் டயர் எந்த வாரத்தில் செய்தது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். அதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

எல்லாரும் நலமாக ஊர் வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்