படியும் படைப்பும்

படி எடுத்தல் என்றவுடன் முகம் சுளிப்போர் பலர். பிறர் தீட்டியதைப் பார்த்துத் தீட்டுபவன் கலைஞன் ஆகான் என்பது அவர்தம் கருத்து. ஆயினும், மேலைநாட்டு எண்ணெய் வண்ண ஓவியத்தின் வரலாற்றை நோக்குவோர், அக்கலை பல தலைமுறைகளாகப் படி எடுத்தல் வாயிலாகவே பயிலப்பட்டு வந்தது என்பதை அறிவர்.

பாரிசு மாநகரில் அரண்மனையாக விளங்கிய லூவர், 1793ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அன்றைய புரட்சி அரசு பத்து நாள்களை ஒரு வாரமாகக் கொண்டிருந்தது. அவற்றுள் பொதுமக்களுக்கு விடப்பட்ட நாள்களினும் ஓவியர்க்கு ஒதுக்கப்பட்ட நாள்களே மிகுதி. எனவே, லூவர் காட்சிக்கூடமாக மட்டுமன்றிப் பள்ளிக்கூடமாகவும் அமைந்தது எனலாம்.

அப்பள்ளிக்கு 1853ஆம் ஆண்டில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் வந்து, படி எடுப்போர் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்துகொண்டார். அவரே பின்னாளில் புகழ்பெற்ற எட்கார் தெகா. 1861ஆம் ஆண்டளவில் அவர் ஒரு பெரும் பணியை மேற்கொண்டார். நிக்கோலா பூசேன் 1630களில் தீட்டிய, சபீன் மகளிர் கவரப்படும் காட்சியைப் படி எடுத்ததே அப்பணி. உரோமாபுரியின் பொதுவெளி, சுற்றிலும் கட்டடங்கள், மேடைமீது நின்று மேலாடையை உயர்த்திச் சைகை காட்டும் மன்னன் ரோமுலசு, கீழே ஓடுவோரும் தடுப்போரும் கதறுவோருமாய் மக்கள் வெள்ளம். இத்தனை உருவங்களையும் குழப்பமின்றி ஓரிடத்தில் நிறுத்துவது எளிதன்று.

பூசேன் சிறு மெழுகுப் பாவைகளைச் செய்து, பெட்டியினுள் நிறுத்தி, ஒளியும் நிழலும் விழும் வகையை ஆராய்ந்த பின்னரே தீட்டுவார். முடிந்த ஓவியத்தில் அவ்வுழைப்புக் கண்ணுக்குப் புலப்படாது. எண்ணெய் வண்ணமோ மெல்ல உலர்வது. முதலில் மெல்லிய பூச்சும், அது காய்ந்தபின் தடித்த பூச்சும் இடுதல் மரபு. பார்ப்பவன் மேற்பூச்சை மட்டுமே காண்கிறான். படி எடுப்பவனோ, அடியில் எந்நிறம் இருந்தது, இவ்வுருவம் ஏன் இங்கு நின்றது என ஒவ்வொன்றையும் வினவியாக வேண்டும். கை தீட்ட, அறிவு காரணம் தேடுகிறது. இதுவே படி எடுத்தலால் விளையும் கல்வி.

அக்கல்வி தெகாவை அடிமையாக்கவில்லை. 1875ஆம் ஆண்டில் அவர் பாரிசின் கொன்கார்டு சதுக்கத்தைத் தீட்டினார். அதில் மன்னனும் இல்லை, சைகையும் இல்லை. நண்பர் லெப்பிக் ஒரு திசை நோக்கி நடக்க, அவருடைய இரு பெண்மக்களும் மறுதிசை நோக்குகின்றனர். இடப்புற ஓரத்தில் ஒருவர் பாதி உருவமாக நிற்கிறார். நடுவே சதுக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. உருவங்களைக் கூட்டி நிறுத்தக் கற்ற கையே அவற்றைப் பிரித்து நிறுத்தவும் துணிந்தது. இரண்டாம் உலகப்போரில் அழிந்ததெனக் கருதப்பட்ட இவ்வோவியம், 1995ஆம் ஆண்டில் உருசியாவின் எர்மித்தாசு அருங்காட்சியகத்தில் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது.

இதனை எண்ணுங்கால் என் பிழையொன்று நெஞ்சை உறுத்துகிறது. இளம் ஆசிரியனாக இருந்தபோது கரும்பலகையில் கடைத்தெரு ஒன்றை வரைந்து, மாணாக்கரைப் பார்த்து வரையச் செய்தேன். தோட்டத்துச் சிறுவன் ஒருவன், நான் வரையாத ஓர் உருவத்தை அத்தெருவில் சேர்த்திருந்தான். பால் வாளியுடன் நடந்துவரும் அவன் தாயே அவ்வுருவம். நான் அதனைச் சிவப்பு மையால் அடித்தேன். தெருவின் அமைப்பை அவன் செவ்வனே கற்றுக்கொண்டதனாலன்றோ, தன் தாய்க்கு அங்கு ஓர் இடம் கண்டான்! அதனை நான் அன்று உணர்ந்தேனல்லேன்.

ஆசிரியப் பெருமக்களே, மாணாக்கரைப் படி எடுக்கச் செய்வோம், அது தேவை. ஆயினும், படி என்பது ஏறிச் செல்வதற்கே; நின்றுவிடுவதற்கு அன்று. மூலத்தில் இல்லாத ஒன்றை மாணவன் சேர்க்கும்போது, சிவப்பு மையை எடுக்குமுன் அவனிடம் காரணம் கேட்போமாக.