மருந்தும் நஞ்சும் அரச கொள்கையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தினின்று ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே விரிந்துகிடக்கும் படுவான்கரை நெல்வேளாண்மைக்குரிய நிலமாகும். வயலுக்குத் தெளிக்கும் பீடைகொல்லியையும் நோய்க்கு உண்பதையும் 'மருந்து' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது நம் மக்கள் வழக்கு. பசுமைப் புரட்சியுடன் இலங்கைக் கிராமத்து வீடுகளுக்குள் வந்த அவ்வயல் மருந்தே, மனமுடைந்தோர் பலரின் உயிரைக் கவர்ந்த நஞ்சுமாயிற்று. 1995இல் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர்.

இத்தகைய இறப்புகளைத் தனிமனிதரின் மனக்குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நஞ்சருந்தியோருட் பலர் நெடுநாள் எண்ணித் துணிந்தோரல்லர். கணநேரக் கொதிப்புக்கு ஆட்பட்டோரே என்பதை இலங்கையில் நிகழ்ந்த ஆய்வுகள் புலப்படுத்துகின்றன. அக்கணம் கடந்தால் வாழ்வு மீளும். ஆகவே, கைக்கெட்டும் பொருள் யாது என்பதே உயிரையும் சாவையும் தீர்மானித்தது.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வுண்மையைக் கொள்கையாக்க வழிவகுத்தது. 1984இற் பரத்தியனும், 1995இல் எஞ்சிய முதலாந்தர நச்சுப் பீடைகொல்லிகளும், 1998இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. 2008 முதல் 2011 வரை மேலும் மூன்று படிப்படியாக நீக்கப்பட்டன. போரினுட்பட்டிருந்த கிழக்கில் ஒவ்வொரு கடையையும் கண்காணித்தல் இயலாதது. இறக்குமதியின் வாயிலில் விதிக்கப்பட்ட தடையோ அதனை வேண்டி நிற்கவில்லை. 2005அளவில் தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குன்றவில்லை. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என மதிப்பிடப்பட்டுள்ளது.

அதே 1984இல், 2 கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துவோருக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கும் சட்டத்திருத்தமும் வந்தமை ஒப்புநோக்கத்தக்கது. கள்ளக் கடத்தலும் சட்டபூர்வ இறக்குமதியும் நிகரல்ல என்பது மெய்யே. ஆயினும், தண்டனைக்கு அஞ்சி மறைந்து வாழ்பவன் வைத்தியசாலையை நாடத் தயங்குவான். தற்கொலை முயற்சி குற்றமன்று என 1998இல் சட்டம் மாற்றப்பட்டமை, நஞ்சருந்தியோர் விடயத்தில் அவ்வச்சத்தின் ஒரு வேரை அறுத்தது. போதைப்பொருளுக்கு அடிமையானோர்க்கு அத்தகைய பரிவு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை.

இன்று வீட்டிலுள்ள மாத்திரைகளை மிகையாக உட்கொண்டு வைத்தியசாலைக்கு வரும் இளையோர் தொகை நாட்டிற் பெருகியுள்ளது. பிரித்தானியா 1998இற் பரசிற்றமோல் பொதியின் அளவைச் சட்டத்தாற் குறுக்கியது. அதன்பின் அம்மருந்தால் நேர்ந்த இறப்புகள் அங்கு குறைந்தன. நாமும் கைக்கொள்ளத்தக்க வழி இது.

மண்முனையில் 2014இற் பாலம் திறக்கப்படும்வரை, படுவான்கரை நோயாளர் அத்துறையைக் கடக்கப் 'பாதை' எனப்பட்ட மிதவைக்குக் காத்திருக்க நேர்ந்தது. பாலமும், அண்மையில் ஒரு வைத்தியசாலையும், அச்சமின்றி அதனை நாடும் உரிமையும் உயிர்காக்கும் கொள்கைகளே. அறிவுரைக்குச் செவிசாய்க்க இயலாத அந்தக் கணத்தில் மனிதனைக் காப்பவை இவையேயாம்.